பெற்றோர் கையெழுத்து

கல்லூரியில் இரண்டாம் பருவத்துக்குப் பதிவு செய்யப் போன இடத்தில் கியோமியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உன் பெயரைத் தடுத்து வைத்திருக்கிறார்கள், உதவித்தொகை அலுவலகத்தில் போய் யோசுவோவைப் பார் என்று மட்டும் சொன்னாள் ஜன்னலுக்கு அந்தப்பக்கம் இருந்த பெண். அவள் மெதுவாகத்தான் சொன்னாள். ஆனாலும் வரிசையில் பின்னால் நின்றவர்களுக்குக் கேட்டிருக்குமோ என்று கியோமிக்குக் காது சூடாகிவிட்டது. கல்லூரி இருக்கிற பலிகீரில் வழக்கம்போல மழை அடித்துக்கொண்டிருந்தது. குடையை விரிக்க மறந்து, கையில் வைத்துக்கொண்டே நனைந்து போனாள்.

யோசுவோ பெரிய உடம்புக்காரர். கியோமியின் ஊரான மடலேனீம்தான் அவருக்கும். விருந்துகளில் அவள் அப்பா லினோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாக்கு மென்றுகொண்டிருப்பார். அவளைப் பார்த்ததும் துண்டு ஒன்றை எடுத்து நீட்டி முதலில் தலையைத் துவட்டச் சொன்னார். அந்தக் கனிவே அவளுக்குப் பயமாக இருந்தது.

அமெரிக்க அரசு தருகிற படிப்பு உதவித்தொகையைத் தீவில் எல்லோரும் 'பெல்' என்றுதான் சொல்வார்கள். குடும்பத்துக்கு வருமானம் எவ்வளவு குறைவோ அவ்வளவு கூடுதலாகக் கிடைக்கும். அந்தக் கல்லூரியில் பெல் இல்லாமல் படிக்கிறவர்கள் அபூர்வம். வருஷா வருஷம் அமெரிக்காவிலிருந்து சில பெயர்களைப் பொறுக்கி எடுத்து, எழுதிக் கொடுத்ததெல்லாம் சரிதானா என்று பார்ப்பார்களாம். இந்த வருஷம் அதில் கியோமியின் பெயர் விழுந்திருக்கிறது என்றார் யோசுவோ. இதில் பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, அவள் கொடுத்திருந்த பிறப்புச் சான்றிதழை மேசைமேல் வைத்தார்.

"விண்ணப்பத்துல அம்மா பேரு லெரீனான்னு எழுதியிருக்க. இதுல யூரிகோன்னு இருக்கு."

"லெரீனாதான் எங்கம்மா. யூரிகோ சித்தி. பெத்தது மட்டும் அவங்க."

"எனக்குத் தெரியாதா? உங்கம்மா உன்னைத் தூக்கிட்டு வந்தப்ப போட்ட விருந்துல பன்னியை அறுத்ததே நான்தான். ஆனா அங்க உக்காந்து பாக்குறவனுக்கு இதெல்லாம் தெரியாதே."

அதற்குப்பிறகு அவர் சொன்னதைக் கியோமி இரண்டு தடவை கேட்டுத்தான் விளங்கிக்கொண்டாள். பெற்றோர் என்றால் பெற்றவர்கள், இல்லையென்றால் கோர்ட்டு மூலமாகத் தத்தெடுத்தவர்கள். பெரியம்மா வளர்த்தாள், வழக்கப்படி கொடுத்தார்கள் என்பதெல்லாம் அங்கே செல்லாது. சான்றிதழில் அப்பா பெயருக்கான இடம் காலி. ஆகவே யூரிகோதான் பெற்றோர். யூரிகோ கல்யாணமாகி அமெரிக்காவில், அயோவாவில் இருக்கிறாள். அவள் வருமானமும் அவள் புருஷன் வருமானமும் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஜனவரி முடிவதற்குள் வரவேண்டும்.

"அப்படின்னா போன வருஷம் வாங்கினது?" என்று கேட்டாள் கியோமி.

யோசுவோ மழையைப் பார்த்தார். "அதைப் பத்தி இப்ப பேச வேண்டாம்" என்றார்.

அதுவரை அவர் பேசியதை எல்லாம்விட இதுதான் அவளுக்கு உரக்கக் கேட்டது. வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். போன வருஷம் படிப்புக் கட்டணமும் விடுதியும் போக மிச்சமாகக் கைக்கு வந்த காசோலையை அவள் அப்படியே வீட்டில் கொடுத்திருந்தாள். அதில் ஒரு பெரிய குளிர்பெட்டி வாங்கினார்கள். லினோ பிடித்து வருகிற மீன் அதில் கெடாமல் இருந்தது. லெரீனா சர்க்கரைத் தண்ணீரைச் சின்னச்சின்னப் பையில் உறையவைத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விற்றாள். அந்தப் பெட்டியை யாரோ இரண்டு பேர் வந்து, உள்ளே இருக்கிற மீனைத் தரையில் கொட்டிவிட்டு, தூக்கிக்கொண்டு போகிறார்கள். அலுவலகத்திலிருந்து விடுதி அறைக்குப் போகும் வழியெல்லாம் இதுவே கண்முன் வந்தது.

அறையில் கூட இருந்த செபே, ஞாயிற்றுக்கிழமை எந்த வேலையும் கூடாது என்கிற கொஸ்ரே தீவுக்காரி. எதற்கும் சிரிக்கிறவள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பெத்தவகிட்ட ஒரு கையெழுத்து கேக்குறதுக்கா இந்த மூஞ்சி? எங்க ஊர்ல ஞாயித்துக்கிழமை அடுப்புப் பத்தவச்சாத்தான்டி இவ்வளவு பயப்படுவோம்" என்றாள்.

அவளுக்கு எப்படிச் சொல்வது? யூரிகோ சித்தியிடம் கியோமிக்கு ஒரு பகையும் இல்லை, நெருக்கமும் இல்லை. கிறிஸ்துமஸுக்குப் பெட்டி வரும். அதில் சட்டையும் சோப்பும் சாக்லேட்டும் இருக்கும். பனியில் விளையாடும் இரண்டு சின்னப் பையன்களின் படங்களைச் சித்தி போனில் போடுவாள். கியோமி அவற்றுக்கு ஒரு இதயம் போடுவாள். படங்களின் ஓரத்தில் தொப்பி வைத்த சித்தியின் புருஷன் டுவேன் நின்றிருப்பான். பத்தொன்பது வருஷத்தில் சித்தியிடம் அவள் எதையும் கேட்டதில்லை. கேட்பது லெரீனாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பது அதைவிடப் பெரிய கவலை.

எழுதி எழுதி அழித்தாள். கடைசியில், 'சித்தி, கல்லூரியில் என் விண்ணப்பத்துக்கு உங்கள் கையெழுத்தும் சித்தப்பா கையெழுத்தும் கேட்கிறார்கள், சான்றிதழில் உங்கள் பெயர் இருப்பதால்' என்று அனுப்பினாள். கொஞ்ச நேரத்திலேயே பார்த்துவிட்டதற்கான குறி வந்தது. பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வகுப்பில் ஆசிரியர் பெயர் வாசித்தபோது இவள் பெயர் பட்டியலில் இல்லை. தெரியாதமாதிரி உட்கார்ந்திருந்தாள். பாடம் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. போன் அதிர்ந்ததோ என்று எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தாள்.

மூன்றாம் நாள் காலையில் நூலகத்துக்கு வெளியே, சிக்னல் கிடைக்கிற தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தபோது சித்தியே அழைத்தாள். தீவில் வெள்ளிக்கிழமை காலை. சித்திக்கு அங்கே இன்னும் வியாழக்கிழமையே முடியவில்லை. வேலை செய்கிற முதியோர் இல்லத்தின் வாசலில், காருக்குள் உட்கார்ந்து பேசுவதாகச் சொன்னாள். குசலம் எதுவும் விசாரிக்கவில்லை.

"நீ அனுப்பினதை டுவேன் பாக்கல. நல்லவேளை."

"பாத்தா என்ன சித்தி?"

சித்தி காரின் ஹீட்டரை அணைப்பது கேட்டது.

"அவருக்கு நீ என் அக்கா பொண்ணு. அவ்வளவுதான் தெரியும்."

கியோமிக்கு முதலில் இது புரியவே இல்லை. அவளை யார் பெற்றது என்பது மடலேனீமில் கோழிக்குக்கூடத் தெரியும். யாரும் மறைத்ததில்லை. மறைக்கவேண்டிய விஷயமென்று யாருக்கும் தோன்றியதுமில்லை. லெரீனாவுக்குப் பிள்ளை இல்லை, தங்கை வயிற்றில் பிள்ளை இருந்தது, வயிற்றில் இருக்கும்போதே கேட்டார்கள், பிறந்ததும் கொடுத்தாள். ஊரில் பாதிப்பேர் இப்படி வளர்ந்தவர்கள்தான்.

"அங்க குடுத்தேன்னா குடுத்தேன், அதோட சரி" என்றாள் யூரிகோ. "இங்க அந்த வார்த்தையே கிடையாது கியோமி. பிள்ளையைக் குடுத்தேன்னு சொன்னா, ஏன் தூக்கிப் போட்டேன்னுதான் கேப்பாங்க. கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும். சொல்லல. பத்து வருஷம் ஆயிடுச்சு. இப்ப போய் அவர் முன்னாடி ஒரு காகிதத்தை நீட்டி எப்படிச் சொல்லுவேன்?"

எவ்வளவு பணம் என்று சொல், மாசாமாசம் கொஞ்சம் அனுப்புகிறேன் என்றாள். கியோமி வேண்டாம் என்றாள். பரவாயில்லை சித்தி, வேறு வழி பார்க்கிறேன் என்று ஆறுதலும் சொன்னாள். போனை வைத்த பிறகு வந்தது கோபமா, வெட்கமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. அக்கா பொண்ணு என்றுதான் அவளும் தன்னை இத்தனை நாள் நினைத்திருந்தாள். அதையே சித்தி வாயால் கேட்டபோது ஏன் சுட்டது?

வேறு வழி என்று சொன்னாளே தவிர அப்படி ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியாது. யோசுவோதான் சொன்னார். வழக்கப்படி நடந்த தத்தெடுப்பை உண்மைதான் என்று கோர்ட்டே உறுதிசெய்து தர முடியும். லினோவும் லெரீனாவும் மனுப்போட வேண்டும். தீவின் நகரமான கொலோனியாவில் இலவச சட்ட உதவி அலுவலகம் இருக்கிறது. உத்தரவு வந்துவிட்டால் அவர்கள்தான் சட்டப்படியும் பெற்றோர். யூரிகோவின் புருஷன் பேச்சே வராது.

"ஆனா ஒண்ணு," என்றார். "பெத்தவ வாயைத் திறந்து, ஆமா குடுத்துட்டேன்னு ஜட்ஜுகிட்ட சொல்லணும். போன்ல சொன்னாலும் போதும்."

அன்று சாயங்காலமே கியோமி ஒரு பிக்கப் வண்டியின் பின்புறம் ஏறி ஊருக்குப் போனாள். இதற்குமேல் அம்மாவிடம் மறைக்க முடியாது. வண்டி ஒவ்வொரு பாலத்திலும் குலுங்கும்போது சொல்லப்போகிற முதல் வாக்கியத்தை மாற்றிக்கொண்டே வந்தாள்.

லெரீனா சீமைப்பலாவைத் தணலில் புரட்டிக்கொண்டிருந்தாள். கறுத்த தோலைச் சுரண்டியபடியே எல்லாவற்றையும் கேட்டாள். யூரிகோவிடம் போனில் பேசியதைச் சொன்னபோது மட்டும் கை நின்றது.

"என்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி அவகிட்ட பேசிட்ட."

"கையெழுத்து ஒண்ணுதானேன்னு நெனச்சேம்மா. உனக்குத் தெரியாமலே முடிஞ்சிடும்னு."

"எல்லாத்தையும் எனக்குத் தெரியாமலே முடி. நீ என் மகளான்னு இப்ப நான் ஜட்ஜுகிட்ட சீட்டு வாங்கணுமா? காய்ச்சல்ல உன்னை மார்ல போட்டுக்கிட்டு கொலோனியா ஆஸ்பத்திரிக்கு நடந்தேனே, அப்ப எவன் சீட்டு கேட்டான்?"

கோர்ட்டுக்கெல்லாம் வர முடியாது, நானே அந்த யோசுவோவைப் பார்த்துப் பேசுகிறேன், அவன் மூக்கு ஒழுகித் திரிந்ததெல்லாம் எனக்குத் தெரியும் என்றாள். அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். சனிக்கிழமை முழுக்க மீனைக் கழுவினாள், துணி துவைத்தாள், துவைத்த துணியையே மறுபடி துவைத்தாள். கியோமி படிப்பை விட்டுவிட்டுக் கொலோனியாவில் ஏதாவது கடையில் நிற்கலாமா என்று யோசிக்க ஆரம்பித்தாள். ஆனால் படிப்பை விட்டாலும் போன வருஷத்துப் பணம் விடாது.

ஞாயிறு தேவாலயம் முடிந்து வரும்போது லினோ அவளைக் கொஞ்சம் பின்தங்கி நடக்கச் செய்தார். அதிகம் பேசாத மனிதர்.

"உங்கம்மாவுக்கு உன்மேல கோவம் இல்ல," என்றார். "பயம்."

"என்ன பயம்?"

"ஜட்ஜு கேக்கும்போது யூரிகோ குடுக்கலன்னு சொல்லிட்டா?"

கியோமி நின்றுவிட்டாள். இந்தக் கோணத்தில் அவள் ஒருதரம்கூட யோசித்திருக்கவில்லை. சித்தி அப்படிச் சொல்ல ஏது காரணம் என்று கேட்டாள். லினோ முன்னால் போகிற லெரீனாவின் முதுகைப் பார்த்தார். மனுஷ மனசு, யார் கண்டது என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். அவர் எதையோ விழுங்கிக்கொண்டு பேசுகிறார் என்பது அவளுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து அம்மாவின் பயம் அவளுக்கும் தொற்றிக்கொண்டது. பணம் போய்விடுமோ என்கிற பயத்துக்குப் பக்கத்தில் அதுவும் ஏறி உட்கார்ந்துகொண்டது.

லினோ என்ன சொன்னாரோ, திங்கட்கிழமை காலையில் லெரீனா தன்னிடமிருந்ததிலேயே நல்ல பூவேலைப் பாவாடையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். மூவரும் கொலோனியாவுக்குப் போனார்கள். சட்ட உதவி அலுவலகத்து வக்கீல் ஒரு இளம்பெண். அவள் கேட்ட கேள்விக்கெல்லாம் லினோதான் பதில் சொன்னார். லெரீனா கையெழுத்துப் போடும் இடத்தில் மட்டும் பேனாவை அழுத்தி, காகிதம் கிழிகிற மாதிரி எழுதினாள்.

ஆனால் கோர்ட்டில் மார்ச்சுக்கு முன்னால் தேதி கிடைக்கவில்லை. ஜனவரியில் கெடு முடிகிறது. யோசுவோ மேலே பேசிப் பார்த்தார். வழக்கு எண்ணைக் காட்டினால் பருவம் முடியும்வரை காத்திருக்கலாம், அதுவரை வகுப்பில் உட்கார விடுவார்கள் என்றார்கள். விடுதிப் படுக்கையை மட்டும் காலி செய்ய வேண்டும். அது பணம் கட்டியவர்களுக்கு.

செபே தன் போர்வையை அவளிடம் கொடுத்து, வண்டியில் போகும்போது போர்த்திக்கொள், திருப்பித் தராவிட்டால் எங்கள் பாதிரியாரிடம் சொல்லி உன்னை நரகத்துக்கு அனுப்புவேன் என்றாள். அதற்குப் பிறகு கியோமி வீட்டில் விடிவதற்குள் எழுந்து, பலிகீர்ப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களின் பிக்கப்பில் தொற்றிக்கொண்டு, ஈரத்தோடு வகுப்புக்கு வந்தாள். ஆசிரியர்கள் தாளைத் திருத்திக் கொடுத்தார்கள். மதிப்பெண் ஏட்டில் ஏறுமா என்று கேட்டால் தெரியாது என்றார்கள். சித்தியிடம் தேதியைச் சொன்னபோது, சரி, போன் பக்கத்தில் இருக்கும் என்று ஒரு வரி மட்டும் பதில் வந்தது. எதைச் சொல்லப்போகிறாள் என்று அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு கண்டுபிடிக்க முடியவில்லை. கியோமி அதை அம்மாவிடம் காட்டினாள். லெரீனா வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை விசாரணை. நீதிபதி வயதானவர். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஆட்களைப் பார்த்தார், இறக்கிக்கொண்டு காகிதத்தைப் பார்த்தார். லினோவையும் லெரீனாவையும் சாதாரணமாகச் சில கேள்விகள் கேட்டார். பிறகு மேசைமேல் இருந்த போனில் அயோவாவைக் கூப்பிட்டார்கள். முதல் தடவை மணி அடித்து அடித்து நின்றது. இரண்டாவது தடவை யாரோ எடுத்து, இணைப்பு அறுந்தது. கியோமி தன் கையை லெரீனாவின் கைமேல் வைத்து அழுத்தினாள்.

மூன்றாவது தடவை யூரிகோவின் குரல் வந்தது. அந்த அறையில் அது பெரிதாகக் கேட்டது. நீதிபதி தீவு மொழியிலேயே, மரியாதையாக, மெதுவாகக் கேட்டார். இந்தப் பெண்ணைப் பெற்றது நீங்களா? ஆமாம். யாருக்குக் கொடுத்தீர்கள்? என் அக்காவுக்கு. யாராவது கட்டாயப்படுத்தினார்களா? இல்லை, நான் வயிற்றில் சுமக்கும்போதே ஒத்துக்கொண்டேன். பெயர் வைத்தது யார்? அக்கா.

"குடுத்த பிறகு எப்பவாவது திருப்பிக் கேட்டீங்களா?"

மறுபடியும் இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்து எழுத்தர் எழுந்தார். அப்போது குரல் வந்தது.

"ஒருதரம்."

லெரீனா தலையைக் குனிந்துகொண்டாள். கியோமி அப்பாவைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவளுக்கு நாலு வயசு," என்றாள் யூரிகோ. "எனக்கு குவாம் தீவுல வேலை கெடச்சுது. ரெண்டு பேருக்கு டிக்கெட் எடுத்துக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். பிள்ளை வரமாட்டேன்னு அக்காவைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதா. சரி, இது இனிமே என் பிள்ளை இல்லன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. ஒரு டிக்கெட்டை வீணாக்கிட்டு நான் மட்டும் போனேன்."

நீதிபதி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "அப்ப இன்னைக்கு என்ன சொல்றீங்கம்மா? யார் பிள்ளை?"

"அவங்க பிள்ளை," என்றாள் யூரிகோ. "குடுத்துட்டேன்."

அவ்வளவுதான். நீதிபதி நன்றி சொல்ல, யாரோ ஒரு பொத்தானை அமுக்க, குரல் போய்விட்டது. வக்கீல் பெண் திரும்பி இவர்களைப் பார்த்துச் சிரித்தாள். இத்தனை வாரமாக எந்த வார்த்தைக்காகக் கியோமி காத்துக் கிடந்தாளோ அந்த வார்த்தை வந்துவிட்டது. நிம்மதியாக இருக்க வேண்டியவள், போனையே பார்த்துக்கொண்டு எழுந்திருக்காமல் இருந்தாள். லினோ வந்து தோளைத் தொட்டபிறகுதான் எழுந்தாள்.

வெளியே படிக்கட்டில் லெரீனா பாவாடை அழுக்காவதைப் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டாள்.

"டிக்கெட் விஷயம் உனக்கு யாரும் சொல்லல."

"இல்லம்மா."

"நான்தான் சொல்லியிருக்கணும்."

"பரவால்லம்மா."

"பரவால்லன்னு சொல்லாத," என்றாள் லெரீனா. வெயில் ஏறும்வரை அங்கேயே இருந்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

உத்தரவு கையெழுத்தாகி வர இரண்டு வாரம் ஆனது. யோசுவோ அதை வாங்கி, அமெரிக்காவுக்கு அனுப்பி, அங்கிருந்து பதில் வர ஏப்ரல் பாதி ஓடிவிட்டது. பெல் வந்தது. மதிப்பெண்கள் ஏட்டில் ஏறின. போன வருஷத்துக் கணக்கைப் பற்றி அவள் கேட்க வாயெடுப்பதற்குள், அதையும் மூடியாயிற்று, உன்னிடம் யாரும் ஒரு சென்ட்டுகூடத் திருப்பிக் கேட்கமாட்டார்கள் என்று யோசுவோவே சொன்னார். அவள் அவர் மேசைமேல் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். அவர் பாக்கு மென்றபடி வேறு வேலை பார்ப்பதுபோல இருந்தார்.

விஷயத்தைச் சொல்லச் சித்தியை அழைக்க வேண்டும் என்று அவள் நினைத்து நாலைந்து நாள் தள்ளிப்போட்டாள். பிறகு ஒருநாள் காலையில் அழைத்தாள். சித்திக்கு அதே கார், அதே வாசல். பணம் வந்துவிட்டது என்று கேட்டதும் யூரிகோ நீண்ட மூச்சு விட்டாள். அத்துடன் பேச்சு முடிந்திருக்கலாம். கியோமிதான் கேட்டாள்.

"அன்னைக்கு நான் ரொம்ப அழுதேனா சித்தி?"

"என்னைக்கு?"

"டிக்கெட் எடுத்துட்டு வந்தப்ப."

"நீ அழல," என்றாள் யூரிகோ. "என் கையைப் பிடிச்சுக்கிட்டு ரோடு வரைக்கும் வந்த. வண்டியில எனக்கு முன்னாடி ஏறி உக்காந்துட்ட. பிளேன் எவ்வளவு பெருசுன்னு கேட்டுக்கிட்டே இருந்த. அக்கா வாசல்ல நின்னா. தடுக்கல. அழவுமில்ல. ஒரு வார்த்தை சொல்லல. என்னைத் திட்டியிருந்தா உன்னைக் கூட்டிக்கிட்டுப் போயிருப்பேன் கியோமி. நானேதான் உன்னை வண்டியிலேருந்து இறக்கி விட்டேன்."

"அப்ப கோர்ட்ல ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"பிள்ளையே வரலன்னு சொன்னாத்தான் ஜட்ஜு மேல கேக்கமாட்டாரு. அக்காவுக்கும் நான் திரும்பக் கேப்பேங்கிற பயம் விட்டுப்போகும்." பிறகு குரலை மாற்றி, மணி ஆகிறது, பையன்களைக் கூட்டிவரப் போகவேண்டும் என்றாள். டுவேனிடம் சொன்னீர்களா என்று கேட்கக் கியோமிக்கு வாய்வரை வந்தது. கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் லெரீனா சோற்றைப் போட்டுக்கொண்டே, சித்தியிடம் பேசினாயா என்று விசாரித்தாள். பேசினேன், சந்தோஷப்பட்டார்கள், அங்கே இன்னும் குளிர் விடவில்லையாம் என்றாள் கியோமி.

"வேற ஒண்ணும் சொல்லலியா?"

"இல்ல."

லெரீனா அவள் முகத்தைப் பார்த்தாள். அன்று வாசலில் நின்றது லெரீனாதான். வண்டியில் யார் முதலில் ஏறியது என்பது அவளுக்குத் தெரியும். கோர்ட்டில் அந்தக் குரல் மாற்றிச் சொன்னதைக் கேட்டுக்கொண்டும் அவள் பேசாமல் இருந்தாள். இது எல்லாம் கியோமிக்கு அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது. அம்மா முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அடுத்ததரம் கூப்பிடும்போது எனக்கும் குடு," என்றாள் லெரீனா. "அவகிட்ட நான் பேசி ரொம்ப நாளாச்சு."